நீலப்புள்ளி நாற்காலி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரிதாரமும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்த நாடக மேடைதான் நினைவுக்கு வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பகலில் முத்தியால்பேட்டை மில்லில் வேலை, நாடகத்தில் "பபூன்". உட்கார்ந்ததும் நாற்காலிக் கால் கழன்று அவர் மல்லாக்க விழுவதைப் பார்க்கவே கூட்டம் வரும். பிரெஞ்சுக்காரர் போன மறுவருஷம், அவர் கெஞ்சிக் கேட்டு ஓர் அழுகை வேஷம் வாங்கினார். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் "சொல்தா"வாக இருந்த மகன் இறந்துபோன தந்தியைப் படித்துவிட்டு, பேச்சில்லாமல் நாற்காலியில் உட்காரும் தகப்பன் வேஷம்.

"உங்க மூஞ்சியப் பாத்தா எழவு வூட்டுலயே சிரிப்பாங்க" என்றாள் அம்மா. நாடக வாத்தியாரோ, "ஒருத்தன் சிரிச்சாலும் அடுத்த தபா பழையபடி பபூன்தான்யா நீ" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு மாதம் வீட்டில்கூட சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள்; உட்கார ஒன்று, மேடையில் விழ ஒன்று. ஆணியடிக்காத கால் எதுவென்று தெரிய, அந்தக் காலில் அப்பா நீலப் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தார். நாடகத்தன்று மாலை ஒரு நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்து மேடைக்குக் கொண்டுபோனவள் நான். அவசரத்தில் புள்ளியைப் பார்க்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த நீலம் தெரிந்தது. அப்பா அதற்குள் தந்தியைப் பிரித்துவிட்டார். நான் கத்தியிருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் எழவில்லை.

அப்பா உட்கார்ந்தார். கால் கழன்றது. மல்லாக்க விழுந்தவரைப் பார்த்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. வழக்கமாகக் கண்ணை உருட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவார். அன்று தந்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

"சிரிக்காதீங்கடா."

எதிர்வீட்டு மேரியம்மாவின் குரல். இந்தோசீனாவில் மகனைப் பறிகொடுத்தவர்.

"எனக்குத் தந்தி வந்தன்னிக்கு நானும் இப்படித்தான் உளுந்து கெடந்தேன்."

திரை விழும்வரை விளக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அதன்பிறகு வாத்தியார் அப்பாவுக்கு அழுகை வேஷங்களே கொடுத்தார். நாற்காலியைக் கொண்டுவந்தது யார் என்று அப்பா கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாடகம் போட்ட திடல் முழுக்க இப்போது வீடுகள். அப்பாவும் இல்லை, மேரியம்மாவும் இல்லை.

அந்த நாடகத்துக்கு மறுநாள் காலை, மில்லுக்குப் புறப்படுமுன் அப்பா அந்த நீலப்புள்ளிக் காலுக்கு இரண்டு ஆணி அடித்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.