கழுத்துக்குள் இருந்த பயம்

வலி எனக்குப் பல வருடப் பழக்கம். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்குக் கழுத்து வலிக்காமல் எப்படி இருக்கும்? செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் என் கடை. சுற்று வட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவந்து இறக்குவார்கள். கருகிய கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுத் தாமிரக் கம்பியை மோட்டாரின் ஒவ்வொரு இடுக்கிலும் ஒரே சீராக இறக்க வேண்டும். காலையில் குனிந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வேன். பின்கழுத்தில் ஆணி இறங்கினாற்போல் இருக்கும். தைலம் தேய்த்துக்கொள்வேன், மாத்திரை போடுவேன், மறுநாள் குனிவேன். அது வெறும் வலி. பயம் பிறகுதான் வந்தது.

ஒருநாள் இறக்கிக்கொண்டிருந்த கம்பி விரலிலிருந்து நழுவியது. எடுத்தேன். மறுபடியும் நழுவியது. வலது கையின் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போயிருந்தன. உதறிப் பார்த்தேன், கடித்துப் பார்த்தேன். அந்த நிமிடமே என் சிங்கவரத்து நண்பன் கண்முன்னால் வந்துவிட்டான்.

அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவன். ஓர் அறுவடையின்போது லாரியில் ஏற்றிய மூட்டைகளுக்கு மேலே நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்து தலைகீழாகத் தரையில் விழுந்தான். கழுத்து எலும்பு முறிந்து உள்ளே ஓடும் நரம்புத் தண்டு நசுங்கிவிட்டது. தோளை அசைப்பான், முழங்கையை மடக்குவான். அதற்குக் கீழே உடம்பு அவன் பேச்சைக் கேட்பதில்லை. கழுத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

திண்டிவனத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். கழுத்தில் தேய்மானம் இருக்கிறது, ஒரு நரம்பை லேசாக அழுத்துகிறது, ஆபரேஷன் எல்லாம் தேவையில்லை, மாத்திரையும் கொஞ்ச நாளைக்குக் கழுத்துப் பட்டையும் போதும் என்றார். இத்தனையும் சொன்னார்; என் காதில் நின்றது தேய்மானம் ஒன்றுதான். மோட்டாரில் தேய்ந்த பேரிங் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் சத்தம் வரும். அப்புறம் ஒருநாள் இறுகிப்போய் எல்லாம் நின்றுவிடும்.

கொஞ்ச நாள் என்று அவர் சொன்ன பட்டையை நான் மாதக்கணக்கில் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். அப்போதும் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். வண்டி ஓட்டுவதை விட்டேன். பின்னால் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினேன். கடையில் புது வேலை எடுப்பதைக் குறைத்தேன். சலூனுக்குப் போவதும் நின்றது. முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் திருகிச் சொடக்கு எடுத்துவிடுவது அங்கே வழக்கம். வேண்டாம் என்று சொல்லி வைத்தாலும், பழக்கத்தில் அவர் கை திருகிவிட்டால் என்ன செய்வது? கொல்லைப்புறத்தில் ஸ்டூல் போட்டு என் மனைவியே வெட்டிவிட்டாள். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நான் இல்லை.

பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைக்கப் பயந்து, பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுதேன். தொழுகையின் முடிவில் முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். நான் கண்களை மட்டும் திருப்பினேன். அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சிங்கவரத்துக்குப் போவதும் நின்றுபோனது. அதற்கு முன்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போவேன். பஸ் குலுக்கும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அந்தக் கட்டிலைப் பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தலை கனக்க ஆரம்பித்தது. பட்டையை எடுத்தால் தலை முன்னால் சாயும். தூக்கிப் பிடிக்க முடியாமல் கழுத்து நடுங்கும். முடிந்தது கதை என்று மறுபடியும் டாக்டரிடம் ஓடினேன். இன்னுமா இதைப் போட்டிருக்கிறீர்கள் என்று கோபப்பட்டார். செஞ்சியிலேயே ஒரு பிசியோதெரபி மேடம் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்.

மருந்துக்கடை மாடியில் ஒரே அறைதான் அவர் இடம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார், ஊசி முனையால் விரல்களைத் தொட்டார், அவர் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்ததோ, எதிரே நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சார், தலைய எலும்பு மட்டும் தாங்கல. சதைதான் பிடிச்சி நிறுத்துது. அந்த வேலைய பட்டை எடுத்துக்கிச்சி. சதை சும்மா இருந்து இளைச்சிப் போச்சி. அதுக்கு மறுபடியும் வேலை குடுக்கணும். அவ்ளோதான்."

"வேலை குடுக்கும்போது உடைஞ்சிட்டா மேடம்?"

உடையாது என்று சிரிக்காமல் சொன்னார். சிரித்திருந்தால் நான் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறியிருக்க மாட்டேன்.

நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ள வேண்டும். கை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலையும் அசையக் கூடாது. அதே மாதிரி இரண்டு பக்கமும், பின்மண்டையிலும். மோவாயை மெல்ல உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு விட வேண்டும். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து இறுக்க வேண்டும். சதை பலப்பட்டதும் மல்லாந்து படுத்துத் தலையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது எல்லாம் வரும். முதல் தடவை அவர் எதிரில் நான் தள்ளியபோதே கழுத்துக்குள் நறநறவென்று சத்தம் கேட்டது. சத்தம் வந்தால் வரட்டும், வலி ஏறினாலோ மரமரப்பு கூடினாலோ மட்டும் நிறுத்துங்கள் என்றார். பேரிங் சத்தம் எனக்கல்லவா தெரியும்.

வீட்டுக்கு வந்து நெற்றியில் கையை வைப்பேன். தள்ள மாட்டேன். பல நாள் கழித்து மனைவி கேட்டாள்.

"இன்னாங்க, தெனம் தலைய புடிச்சிக்கினு உக்காந்திருக்கீங்க. இதுவா எக்சர்சைஸ்?"

கையை இறக்கிவிட்டு எழுந்து போனேன்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கவரத்து நண்பனின் மனைவி கடைக்கு வந்தாள். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது என்று ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மோட்டாரை இறக்கி வைத்ததும் போகாமல் என் கழுத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கும் இதுமாதிரி ஒண்ணு குடுத்தாங்கண்ணா. எப்பவோ கழட்டிப் போட்டாச்சி. உங்கள வரச் சொன்னாரு. கோவமாதான் சொன்னாரு."

அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். கொஞ்ச தூரம்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி வருகிறதா என்று கேட்டு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

போனபோது அவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்ற அவன் மனைவி அவன் பின்மண்டையில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையால் அந்தக் கையைத் தள்ளிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. நான் அறையில் வந்து நின்றதும் கண்ணால் கட்டிலைக் காட்டினான். உட்கார்ந்தேன். முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"இன்னாடா, செத்துட்டேன்னு நெனச்சிட்டியா?"

இல்லை என்றேன். அவன் செய்த அதே பயிற்சியைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். உடைந்த கழுத்தை வைத்துக்கொண்டு எப்படிடா பயமில்லாமல் செய்கிறாய் என்று கேட்டேன். பயமில்லை என்று யார் சொன்னது என்றான். என் உடம்பில் வேலை செய்கிற இடமே இவ்வளவுதான், இதையும் விட்டால் நாற்காலியில்கூட உட்கார முடியாது என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. அதைக் கேட்க முடியாமல், உள்ளே நறநறவென்று சத்தம் வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்றேன்.

"எனக்கு ஒடைஞ்சப்ப சத்தமே கேக்கலடா. மூட்டை மேல நின்னுக்கினு இருந்தேன். அப்புறம் பாத்தா வானம் தெரியுது. அவ்ளோதான். நீ இன்னா சத்தம் சத்தம்ன்ற."

ஆறுதலாகச் சொன்னானா, பயமுறுத்தச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டையைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னான். படுத்தேன். தலையைத் தூக்கு என்றான். அது அப்புறம் செய்ய வேண்டியது என்று மேடம் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் நாற்காலியிலிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? மோவாயை இழுத்து, மூச்சைப் பிடித்து, தலையைத் தூக்கினேன். தலை வெடவெடவென்று ஆடியது. திடீரென்று கழுத்திலிருந்து கரண்ட் அடித்தாற்போல் ஒன்று வலது கையில் பாய்ந்து விரல்வரை ஓடியது.

தலையைப் போட்டுவிட்டேன். கூரை ஓட்டின் அடியில் ஒரு பல்லி நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கால்விரலை அசைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் அசையாவிட்டால் அது தெரிந்துபோகும் என்பதால் அசைக்கவில்லை. என் மனைவி என்னைப் புரட்டிப் படுக்க வைப்பது, கடைக்கு வேறு ஒருவர் பூட்டுப் போடுவது எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்தன. அவன் மனைவி ஓடிவந்து என் காலைத் தொட்டாள். தொட்டது தெரிந்தது. அப்போதுதான் அழுதேன்.

அவன் முகமும் வெளுத்திருந்தது.

மறுநாள் காலை பிசியோ மேடத்தின் அறை திறக்கும் முன்னே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தட்டிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, பயப்படும்படி எதுவும் ஆகவில்லை, ஏற்கெனவே அழுந்தியிருந்த நரம்பு கோபித்துக்கொண்டது என்றார். ஆனால் கண்டித்தார். இத்தனை நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் கடைசிப் பாடத்துக்கா போவது என்றார். செய்யவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பட்டையை ஒரேயடியாக விடாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைக்கச் சொன்னார். கையை நெற்றியில் வைத்து, முட்டையைத் தள்ளுகிற அளவுக்கு மட்டும் தள்ளச் சொன்னார்.

முட்டையைத் தள்ளினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அழுத்தம். வெள்ளிக்கிழமைகளில் சிங்கவரத்துக்குப் போனேன். அவன் மனைவியின் கைக்குப் பதில் என் கையை அவன் பின்மண்டையில் வைப்பேன், அவன் தள்ளுவான். அப்புறம் அவன் பார்க்க நான் செய்வேன். பேச்சு அதிகம் கிடையாது. பட்டை போடும் நேரம் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் அதை வீட்டில் மறந்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். அது தெரிந்த நிமிடம் திரும்ப ஓடிப்போய் எடுத்து வந்தேன். மரமரப்பு மெல்லக் குறைந்தது. மோட்டாரைக் கண்ணுக்கு நேராக வைக்க உயரமாக ஓர் இரும்பு ஸ்டாண்டு அடித்துக்கொண்டேன். வலி முழுதாகப் போகவில்லை.

இந்த வருடம் வெயில் ஏறியிருந்த ஒரு மதியம் அவன் மனைவி போன் செய்தாள். அவனுக்குக் காலையிலிருந்து குளிர்க்காய்ச்சல், சிறுநீர் போகப் போட்டிருக்கும் குழாயில் அடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தூக்க ஆள் இல்லை என்றாள். ஓர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போனேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோக்காரர் கால் பக்கம் போய்விட்டார். தலைப்பக்கம் எனக்கு. அவன் அக்குளுக்கடியில் கை கொடுத்தேன். என் கழுத்து, அவன் கழுத்து, எது நழுவினாலும் இருவரும் போச்சு. அவன் மனைவி அவன் தலையைத் தாங்கிக்கொண்டாள். முழங்காலை மடக்கி, மோவாயை உள்ளே இழுத்து, தோளை இறுக்கித் தூக்கினேன். கனத்தான். கழுத்தில் சத்தம் வந்தது. விடவில்லை. வாசல்படி இறங்கும்போது அவன் வாய்க்குள்ளேயே, "மெதுவாடா" என்றான். என்னைச் சொன்னானா தெரியவில்லை.

சில நாட்களில் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தான். எனக்கு அன்று பிடித்த கழுத்து வலி ஒரு வாரம் இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும், பயந்துகொண்டே, முதலில் விரல்களை அசைத்துப் பார்ப்பேன். அவை அசையும். அப்புறம் பாயில் படுத்துத் தலையைத் தூக்குவேன்.

வெள்ளிக்கிழமை போனபோது அவன் இளைத்துப் பாதியாகியிருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி இருந்தது. பின்னால் போய் உள்ளங்கையை வைத்தேன். அவன் தள்ளுவது கையில் படவே இல்லை.

"முட்டைய தள்றமாதிரி தள்ளு," என்றேன்.