கழுகு அண்ணனுக்கு அகப்படாத மாமனார்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் கழுகு என்று பெயர் வாங்கியவருக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். முக்காலி மேல் ஏறி பல்பு மாட்டச் சொன்னால் வியர்த்துக் கொட்டிவிடும். வீட்டில் அந்த வேலையை அண்ணிதான் செய்கிறார். ஆனால் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள், ட்ரோனை ஊசிக்கு நூல் கோப்பது போல மரக்கிளைகளுக்கு நடுவே இறக்குவார். நான் அவருடைய வேன் டிரைவர். அவர் புகழ் பாடும் வேலையும் எனக்கு உண்டு, சம்பளம் இல்லாமல்.

முன்பு அவர் ராணுவத்தில் இருந்தார். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, மலைக்கு அப்பால் பறக்கும் ஆளில்லா விமானத்தின் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். உடம்புச் சூட்டைக் காட்டும் கேமரா அது. திரையில் மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. பிறகு அந்தப் புள்ளிக்கு என்ன ஆனது என்று அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார்: "அங்க ஒருத்தனைக் கண்டுபிடிச்சா அன்னைக்குச் சாப்பாடு இறங்காதுடா. இங்க கண்டுபிடிச்சா ரெண்டு தடவை சாப்பிடுறேன்." பொய்யில்லை. காட்டில் வழி தவறியவர்களையும் வெள்ளத்தில் கூரை மேல் நின்றவர்களையும் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே அண்ணனுக்குத் தொப்பை போட்டுவிட்டது.

அவருடைய மாமனாரும் பழைய ராணுவக்காரர், ஆனால் தரையில் ஓடியவர். ட்ரோன் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்ளப் பழகிய உடம்பு. அண்ணன் வீட்டு வாசலில் ஒருமுறை ட்ரோனைச் சோதித்துப் பார்த்தபோது, மனிதர் தட்டோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்தே, "உப்பு கம்மி" என்றும் குறை சொன்னார்.

அந்த மாமனார்தான் ஒரு நாள் காணாமல் போனார். காலையில் அணைக்கட்டுக் காட்டுக்கு மீன் பிடிக்கப் போனவர் மதியம் தாண்டியும் திரும்பவில்லை. சர்க்கரை நோயாளி. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். சர்க்கரை இறங்கினால் முதலில் குழம்புவார், அப்புறம் மயங்கி விழுவார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டால் ட்ரோன் பறக்காது.

காட்டோரம் வேனை நிறுத்தினேன். ட்ரோன் ஏறியது. திரையில் முயல்கள் தெரிந்தன, ஒரு மான் தெரிந்தது, பெரியவரை மட்டும் காணோம். ட்ரோனில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அண்ணன் வழக்கமான அறிவிப்பைச் சொன்னார்: "தீயணைப்புப் படையிலிருந்து பேசுகிறோம். பயப்படாதீர்கள். வெளியே வந்து கையசையுங்கள்." ஒன்றும் அசையவில்லை. இன்னும் தாழ்வாகப் பறக்கவிட்டார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நாமதான்டா அவரை ஒளிய வைக்கிறோம்! கிட்டப் போகப் போக இன்னும் உள்ள போயிடுவாரு. பாறைக்கு அடியில புகுந்துட்டா சூடும் தெரியாது. வெளிய வான்னு கூப்பிட்டா எந்தச் சிப்பாய் வருவான்? குழம்பிப் போயிருந்தா நம்மளை எதிரின்னுதான் நினைப்பாரு."

அண்ணி வேனுக்குள்ளேதான் இருந்தார். அண்ணன் மைக்கை அவரிடம் கொடுத்தார். "அப்பா... வாங்கப்பா..." என்று அழுதார். காடு கம்மென்று இருந்தது. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

"அழாதே," என்றார் அண்ணன். "இந்தக் குரல் அவருக்குப் பழக்கமே இல்லை. வீட்டுல பேசுற மாதிரி பேசு."

அண்ணி ஒரு முறை முறைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்!

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சாப்பாட்டு டப்பாவை யார் எடுத்துட்டுப் போவாங்க, பக்கத்து வீட்டுக்காரரா? சட்டைப் பையில மிட்டாய் ஒளிச்சு வச்சிருக்கீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நினைப்பா? இத்தனை நாள் திருட்டுத்தனமா தின்னீங்கல்ல, இப்ப நானே சொல்றேன், எடுத்துத் தின்னுங்க!"

வானத்திலிருந்து திட்டு விழுந்தது. பறவைகள் அலறிக்கொண்டு எழுந்தன. ஓடைக்கரைப் பாறைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல நீண்டு வெளியே வந்து, நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டியது. குரல் கேட்காவிட்டாலும் எங்களுக்குப் புரிந்தது. மிட்டாயா? என்கிட்டயா? சத்தியமா இல்லை!

"புளுகு!" என்று மைக்கிலேயே கத்திய அண்ணி, சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தார்.

நானும் வேனில் கூட வந்திருந்த இரண்டு தீயணைப்பு வீரர்களும் ஓடினோம். ட்ரோன் அவர் தலைக்கு மேலேயே நின்று வழி காட்டியது. போய்ச் சேர்ந்தபோது பெரியவர் பாறை மேல் உட்கார்ந்து, இல்லாத மிட்டாயில் இரண்டாவதை மென்றுகொண்டிருந்தார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது, மேலேயிருந்து அண்ணியின் விசும்பல் கேட்டுக்கொண்டே இருந்தது. ட்ரோன் சத்தத்துக்கு ஓடி ஒளியும் மனிதர், தூறலில் முகத்தைத் தூக்கி அதையே பார்த்தார்.

"அழாதேம்மா. வந்துட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

வேனுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. நீங்க என்னைக் கண்டுபிடிச்சீங்களா, நானா வந்தேனா?"

"நீங்களாத்தான் வந்தீங்க மாமா. கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலை."

பெரியவருக்கு முகமெல்லாம் பல். அண்ணனுக்கு அதற்கு மேல். ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. மருத்துவமனையில் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மூன்று தடவை சாப்பிட்டார். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே, "உப்பு கம்மி" என்றார்.