பிளக்கு வயருக்கு வைத்த சந்தனம்

என் வீட்டுக்காரர் இருப்பது துபாயில். ஆனால் என் வேன் எப்படி ஓட வேண்டும் என்பதை அங்கிருந்துகொண்டே அவர்தான் சொல்லுவார். நான் தினமும் காலையில் மீமிசல் கடற்கரையில் மீன் எடுத்து, அரிமளம் பக்கத்து ஊர்களில் விற்றுவிட்டு வருகிறவள். அந்தப் பழைய பெட்ரோல் வேனை வாங்கியது அவர், ஓட்டப் பழகியது நான். இந்த இரண்டாவது விஷயம் அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் விக்கல் எடுத்த ஆள் மாதிரி வெட்டிவெட்டி இழுக்கும். மேடு வந்தால் உயிர் போகும். ஐஸ் பெட்டியோடு நடுரோட்டில் நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

போனில் சொன்னதும் அவருக்குச் சந்தோஷமா கோபமா என்று பிரிக்க முடியாத ஒரு குரல். "கார்பரேட்டர்தான். நீ கண்ட கண்ட பங்க்ல பெட்ரோல் போட்டுருப்ப."

அரிமளம் மெக்கானிக் என்னோடு பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு, என் போனை வாங்கி அவரிடம், "அண்ணே, பொம்பளை ஓட்டுற வண்டி, கிளட்சு கியரு எல்லாமே பாக்கணும்ணே" என்றான். கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினான். இரண்டு முறையும் வண்டி அவன் கடை வாசலில் நன்றாக ஓடியது, மறுநாள் காலை மீமிசலில் மறுபடி வெட்டியது. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரர் முடிவைச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை அறந்தாங்கியிலேர்ந்து ஒருத்தரு வருவாரு. சாவியக் குடுத்துரு. இனிமே அந்த வண்டி தேறாது."

வண்டி போனால் என் மீன் வியாபாரமும் போச்சு. பிறகு அவர் அனுப்புகிற பணத்துக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மிஸ்ஸிங்கைச் சரிசெய்துவிட்டால் விற்கக் காரணமே இருக்காது என்று நினைத்தேன். சனிக்கிழமை வியாபாரத்துக்குப் போகவில்லை. என்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடல் ஈரம் இருக்கும் காலையில்தான் வண்டி அதிகம் வெட்டுகிறது, வெயில் ஏறினால் அடங்குகிறது. கார்பரேட்டர் பொழுது பார்த்தா கெட்டுப்போகும்? இது கரண்டு சமாச்சாரம்.

என்ஜினை ஓடவிட்டேன். காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, சிலிண்டருக்கு ஒன்றாகக் கரண்டு கொண்டுபோகும் மூன்று பிளக்கு வயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன். முதல் வயரைப் பிடுங்கியதும் சத்தம் இறங்கியது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினேன், என்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. அந்த சிலிண்டர் வேலையே செய்யாமல் மற்ற இரண்டின் உழைப்பில் சவாரி செய்துகொண்டிருந்தது.

என்ஜினை அணைத்துவிட்டு, அந்த வயரின் ரப்பர் மூடிக்குள் பார்த்தேன். சந்தனம். குங்குமத்தோடு குழைந்து, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பொறி ஓடிய கறுப்புக் கோடு.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஆயுத பூஜையன்று வீடியோ காலில் நின்று அவர் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "சீட்டத் தூக்கு. என்ஜினுக்கும் வை. பிளக்கு வயரு ஒவ்வொண்ணுக்கும் வை. அங்கிட்டு ஒண்ணு விட்டுப்போச்சு பாரு, நல்லா அழுத்தி வை." எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் குழைத்த சந்தனம் மூடிக்குள் வழிந்து, காலை ஈரத்தில் ஊறி, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டை வெளியே கசியவிட்டிருக்கிறது. வைத்த நானும் ஒரு முட்டாள்தான். அழுத்தி வை என்றதும் அழுத்தி வைத்தேனே.

மூடியைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். ஞாயிறு காலை, நல்ல பனி ஈரத்திலேயே, வண்டி ஒரே சீராக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

உடனே அவரைக் கூப்பிட்டு, போனை என்ஜின் பக்கம் நீட்டினேன். "கேட்டீங்களா? மிஸ்ஸிங் போயிருச்சு. நீங்க வைக்கச் சொன்ன சந்தனந்தான்."

"நல்லதாப் போச்சு. நல்லா ஓடுற வண்டின்னா இன்னும் நல்ல வெலைக்குப் போகும். அவரு வந்துக்கிட்டு இருக்காரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ஜினில் எது கெட்டாலும் கெடாவிட்டாலும் இந்த வண்டி விற்கப்படத்தான் போகிறது. அவர் கண்ணுக்குத் தெரிந்த கோளாறு ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்திருந்தது.

அறந்தாங்கிக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டியும் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீங்க?" என்று என்னிடமே கேட்டார்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு வந்தவருக்கும் கேட்கிற மாதிரி பிடித்தேன். "ஏங்க, வண்டி பாக்க வந்தவரு காரணம் கேக்குறாரு, சொல்லுங்க."

"சாவியக் குடு அவருகிட்ட" என்றார் வீட்டுக்காரர்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. வேணும்னா நீங்களே வந்து வாங்கிக்கங்க."

வந்தவர் வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரருக்கு அடுத்த லீவுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.