சிங்காரவேலுக்காக நான் எழுதிய ‘நோ’

சிங்காரவேலுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் அப்பா துரைராஜின் நிலம் நெய்வேலி நிலக்கரி மைன்ஸுக்குப் போய்விட, முத்தாண்டிக்குப்பத்தில் உறவுக்காரர் மனையில் குடிசை போட்டிருந்தார்கள். கிடைத்த நஷ்டஈட்டில் துரைராஜ் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி மகன் கையில் கொடுத்தார். இனி அந்தக் கார்தான் அவர்களுக்குச் சோறு போட வேண்டும். நெய்வேலியில் டாக்ஸி ஓட்டினான்.

முதல் வருஷமே வடலூர் வளைவில் மழையில் வழுக்கிப் புளியமரத்தில் மோதினான். இன்சூரன்ஸ் பணத்தில் கார் தேறியது. ஆனால் பாலிசியைப் புதுப்பிக்கப் போனால், சின்னப் பையன், ஏற்கெனவே கிளெய்ம் வாங்கியவன் என்று அந்தக் கம்பெனியில் இழுத்தடித்தார்கள். பாலிசி இல்லாமல் காரை ரோட்டில் இறக்க முடியாது. யாரோ சொல்லி, எண்பத்து மூன்று ஆடி மாதம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான்.

நான் மைன்ஸில் கிளார்க், பெர்மனென்ட். வெளியே தொழில் பார்ப்பது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் என் போன்ற யோக்கியர்கள் பிளாக்குக்கு நாலு பேர் பெண்டாட்டி பெயரில் இன்சூரன்ஸ் ஏஜென்சி வைத்திருந்தோம். என் வீட்டில் ஏஜென்ட் சந்திரா. கையெழுத்துப் போடுவதோடு அவள் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் நான்தான்.

இதற்கு முன் விபத்து உண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. நான் கேட்பதற்கு முன்பே அவன் சொன்னான்.

“வடலூர்ல மோதினத எழுதிடுங்க சார். மறைச்சா வம்பாயிடும்னு அப்பா படிச்சிப் படிச்சி சொன்னாருங்க.”

எழுதினால் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசிலும் இழுத்தடிப்பார்கள், கமிஷன் போய்விடும். ‘நோ’ என்று இங்கிலீஷில் எழுதினேன்.

“எழுதிட்டீங்களா சார்?”

“எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்தப் போடு.”

எட்டாவதோடு நின்றவன். நம்பிப் போட்டான்.

மார்கழிப் பனியில், பண்ருட்டி ரோட்டில் நின்றிருந்த லாரியில் மோதினான். கார் நசுங்கியது. வலது முழங்கால் போனது. இன்சூரன்ஸ் இருக்கிறது, பயப்படாதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அப்பாவுக்குத் தைரியம் சொன்னானாம்.

கடலூர் இன்சூரன்ஸ் ஆபீசில் விசாரணை. ஏஜென்ட் என்று சந்திராவையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி மேஜையில் பழைய கிளெய்ம் ஃபைல் இருந்தது. ஏன் மறைத்தாய் என்று சிங்காரவேலைக் கேட்டார்.

“மறைக்கலீங்க. இந்த சார்கிட்ட சொன்னேன். சார்தான் எழுதுனாரு.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்க யாரு?”

“ஏஜென்டோட வீட்டுக்காரர் சார். துணைக்கு வந்தேன். எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது.”

சந்திரா தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரம் நின்றிருந்த துரைராஜ் என்னைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார்.

“எல்லாம் சொல்லி எழுதியாச்சுன்னு பெத்த அப்பன்கிட்டயே இத்தினி நாளா பொய் சொல்லிகினு இருந்தியாடா?”

கிளெய்ம் இல்லை என்று கடிதம் வந்தது. கார் பழைய இரும்புக்குப் போனது. சித்திரை வெயிலில் சிங்காரவேல் கட்டையை ஊன்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“காரு போனது போவட்டும் சார். உங்க வேலைக்கும் உல வைக்க மாட்டேன். எங்க வூட்டுக்கு வந்து, பையன் சொன்னான்னு அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. எங்கூட பேசவே மாட்டேங்கறாரு.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் “போய்ட்டு வந்துடுங்களேன்” என்று சந்திரா நச்சரித்தாள். கிழவர் ஊரெல்லாம் சொல்லி, அது மைன்ஸ் வரை வந்துவிட்டால்? பயந்தாங்கொள்ளிக்குச் சாக்குக்கா பஞ்சம்? நான் போகவே இல்லை.

ஐப்பசியில் துரைராஜ் செத்துப்போனார். கடைசிவரை மகனோடு பேசவில்லையாம். மாலை வாங்கிக்கொண்டு நானும் சந்திராவும் போனோம். சிங்காரவேல் காலை இழுத்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து, பிணத்தின் தலைமாட்டுக்குக் கூட்டிப் போனான்.

“இப்பவாச்சும் சொல்லுங்க சார்” என்றான்.

சுற்றிலும் மைன்ஸ் ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.