மஞ்சளாகத் தெரிந்த மிளகுக்கொடி

சோளக்காட்டில் மருந்துக்கடை வைத்திருந்தபோது, இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி பார்க்காமல் மாத்திரை தரமாட்டேன். "பெரிய டாக்டரம்மான்னு நெனப்பு" என்று அதிகம் முணுமுணுத்தவர் ஒரு மிளகு விவசாயி. முணுமுணுக்கட்டும்.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்து ஓர் இலையை நீட்டினார். "மொளகுக்கொடியெல்லாம் மஞ்சளாப் போச்சுங்க. இதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

இலை பச்சையாக இருந்தது. அவர் சாப்பிடுகிற அந்த இதய மாத்திரை உடம்பில் மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். நாடியைப் பிடித்தேன், நிமிடத்துக்கு நாற்பத்து நாலுதான். விசாரித்தால், சனி, ஞாயிறு மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்க, அந்த இரண்டு நாள் மாத்திரையையும் சேர்த்து வாராவாரம் திங்களன்று விழுங்கியிருக்கிறார். துணைக்கு ஆள் சேர்த்து அடுத்த பஸ்ஸிலேயே டாக்டரிடம் அனுப்பினேன்.

குணமாகி வந்தவர், நான் கேட்குமுன் கையை நீட்டினார். "கொடியெல்லாம் பச்சையாயிருச்சுங்க. மொதல்ல நாடியப் பாருங்க, டாக்டரம்மா."

அந்த ஒரு தடவை நான் திருத்தவில்லை.