எறும்பு சாக்பீசும் செத்துப்போன குளவிகளும்

காலையில் லேப்பைத் திறந்தால், பாட்டில் எல்லாவற்றிலும் குளவி செத்துக் கிடந்தது. உடுமலைப் பக்கம் நல்ல பூச்சி வளர்க்கிற லேப்பில் நான் சேர்ந்து அப்போது ரெண்டாவது வருசம்.

எங்கள் வேலை இதுதான். பேசனில் கம்புக் குருணை போட்டு அந்துப்பூச்சி வளர்ப்போம். அது இடுகிற முட்டையைச் சலித்து, கோந்து தடவிய அட்டையில் தூவுவோம். ஒரு குளவி இருக்கிறது, கடுகில் கால்வாசி கூட இருக்காது. அது அந்த முட்டைக்குள்ளே தன் முட்டையை வைக்கும். நாலு நாளில் அட்டை கருத்துவிடும். அதைக் கரும்பு இலையில் குத்திவைத்தால், குளவி வெளியே வந்து, தண்டு துளைக்கிற புழுவின் முட்டையைத் தேடி அழிக்கும்.

லேப் சார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னோடு வேலை செய்கிற சரசுவைப் பார்த்தார். முந்தின நாள் அவள் தோட்டத்தில் மருந்து அடித்திருந்தார்கள்.

"ஏம்மா, மருந்து பட்ட சீலையோடயே வந்துட்டியா?"

"இல்லைங்க சார். குளிச்சுப்போட்டு, வேற சீலை கட்டிட்டுத்தானுங்க வந்தேன்."

"சனிக்கிழமையோட நின்னுக்கம்மா."

ரேக்கில் எறும்பு ஏறுகிறதென்று எறும்பைக் கொல்கிற மருந்துச் சாக்பீசால் கோடு போட்டது நான்தான். எறும்பு ஏறாமல் இருக்க ரேக் காலுக்கு அடியில் வைத்த கிண்ணத்துக்குத் தண்ணி ஊற்றச் சோம்பல். அதே கையோடு அட்டைகளைப் பாட்டிலுக்குள் வைத்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. சார் எதிரில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

இன்னொன்றும் இடித்தது. அதே கையால்தான் பேசன் கம்பையும் கிளறினேன். அதில் அந்துப்பூச்சிப் புழு கொழுகொழுவென்று நெளிந்துகொண்டிருந்தது. அது சாகாமல் குளவி மட்டும் ஏன் செத்தது?

ரெண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றின் உள்ளே மட்டும் சாக்பீஸ் கோடு. பிரிட்ஜில் மிச்சம் இருந்த கருப்பு அட்டையை வெட்டி ரெண்டிலும் வைத்தேன். குளவி வெளியே வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிற்கவே மாட்டேனென்கிறது! சுற்றிச் சுற்றி நடந்து தேடுகிறது. கோட்டை மிதித்ததெல்லாம் காலை உதறி மல்லாந்தது. கோடு இல்லாத பாட்டிலில் ஒன்றும் சாகவில்லை. பேசனில் கம்புப் புழுவோ நூல் கட்டி, கம்புக்கு உள்ளேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை ரெண்டு பாட்டிலையும் சாக்பீசையும் சார் மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"கோடு போட்டது நானுங்க சார். சரசு இல்லைங்க."

லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கே ஏம்மா சொல்லலை? சரி, சரசுவை எப்பவும்போல வேலைக்கு வரச்சொல்லு. நீ போய்க் கிண்ணத்துக்கெல்லாம் தண்ணி ஊத்து."

சரசு விடவில்லை. "ஏனக்கா, வாயைத் தொறக்க உனக்கு ரெண்டு பாட்டில் வேணுமாக்கு?" ஒரு வாரம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அதன்பிறகு அட்டை வாங்க வருகிறவர்களிடம் நானே கேட்டுவிடுவேன், "ஏனுங்க, எப்ப மருந்து அடிச்சீங்க?" என்று.

"முந்தாநேத்து அம்மணி. புழு சாகவே இல்ல, அதான் இங்க வந்தேன்" என்றார் ஒருத்தர்.

"புழு தண்டுக்குள்ள உக்காந்திருக்குதுங்க. மருந்தை மிதிக்கறது தேடி நடக்கற குளவிதானுங்க. கொஞ்ச நாள் மருந்தை நிறுத்திப்போட்டு வாங்க, தாரேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். மூணாவது வாரம் வந்து வாங்கிப் போனார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கை கழுவாமல் அட்டையைத் தொடாதீர்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏன் நடந்ததென்று பாட்டில் வைத்து அப்புறம் பார்க்கலாம்.