துண்டு போட்ட நாற்காலி

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். கல்யாணத்தில் துண்டு போட்டு முதன்முதலில் இடம் பிடித்தவள் எனக்குத் தெரிந்து என் அம்மாதான். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் என் அக்காவின் கல்யாணம். தலைமையாசிரியர் அறையிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து முன்வரிசையில் போட்டிருந்தோம். தலைமை தாங்க வருகிறவருக்கென்று கொண்டுவந்தது அது. அம்மா அதில் பச்சைக்கரைத் துண்டு ஒன்றை விரித்துவிட்டாள். போன உழவின்போது மாமா எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன துண்டு. தலைமை தாங்க வந்தவர் உட்காரப் போனபோது, "அதுக்கு ஆள் வருது, நீங்க இங்குட்டு உக்காருங்க" என்று பக்கத்திலிருந்த பெஞ்சைக் காட்டினாள். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சிங்கம்புணரியில் விவசாயம். அப்பா போன பிறகு எங்கள் வயல் தரிசாகக் கிடக்காமல் இருந்தது அவரால்தான். மழை விழுந்ததும் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு அத்தனை தூரம் வந்துவிடுவார். எங்கள் வயலை உழுது முடித்த பிறகுதான் தன் வயலைப் பார்ப்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "ஒன் கல்யாணத்துக்கு மாமன் எத்தனை தட்டு கொண்டாருவேன் தெரியுமா" என்று கேட்பார். எத்தனை என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

கல்யாணம் முறைப்படி நடப்பதாக இருந்தால் அந்த வயலைத்தான் விற்க வேண்டும். அம்மா அதற்கும் தயாராக இருந்தாள். அக்காதான் மாட்டேன் என்றாள். அவளுக்குப் பார்த்திருந்த வாத்தியாரும், அதாவது என் அத்தானும், அதைக் கேட்டு இரண்டு மடங்கு உற்சாகமாகிவிட்டார். அவருக்கு ஏற்கெனவே ஐயர், ஓமம், மேளம் எதுவும் பிடிக்காது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள். பந்தல் வேண்டாம், பள்ளிக்கூடம் இருக்கிறது. விருந்து வேண்டாம், புளியோதரையும் வடையும் போதும். மாலை இரண்டு, தாலி ஒன்று, பேச்சு கொஞ்சம். அழைப்பு ஒரு தபால் அட்டை அளவுதான். அதில் அத்தான் தன் கையாலேயே ஒரு வரி எழுதி அச்சுக்குக் கொடுத்தார்: சடங்கு, மேளம், சீர்வரிசை இல்லை. எனக்கு அப்போது கல்லூரி வயது. அந்த வரியைப் படித்து நானும் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

மாமாவுக்கு மட்டும் அட்டையைத் தபாலில் அனுப்பவில்லை. அக்காவும் அம்மாவும் நானும் சிங்கம்புணரிக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம். மாமா அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். சீர்வரிசை இல்லை என்கிற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி ஆத்தா, ஒங்க பிரியம் எப்படியோ அப்படிச் செய்யிங்க. நான் வந்து நின்னாப் போதும்ல" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

கல்யாணத்தன்று தலைமை தாங்கியவர் பேசினார். அத்தானின் நண்பர் பேசினார். அத்தானும் பேசினார். அம்மா வாசலையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டாள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். யாரோ ஒரு குழந்தை அந்த நாற்காலியில் ஏறப்போக, அம்மா அதைத் தூக்கி இறக்கிவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு தெருமுக்குச் சோடாக் கடைக்காரர் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தார். தட்டில் ஒரு பட்டுச் சேலை, தேங்காய், பழம், மேலே வாடத் தொடங்கிய ரோஜா மாலை. "இத ஒங்க வீட்டுல குடுத்துறச் சொன்னாரு. காலையில இருந்து என் கடை ஓரமா தட்டோட நின்னாரு. உள்ள போங்கன்னேன். கூப்பிட ஆள் வரும்னாரு. தாலி கட்டியாச்சுன்னு யாரோ சொல்லிக்கிட்டுப் போகவும் கிளம்பிட்டாரு" என்றார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கல்யாண வீட்டுக்குள் தானாக நடந்து வருவதில்லை. தெருமுனையில் வந்து நிற்பார். வீட்டுக்காரர்கள் மேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். இது எங்களுக்குத் தெரியாததில்லை. மேளம் வேண்டாம் என்றோம். மேளத்தின் பின்னால் நடந்துபோகிற நாலு பேரும் அதோடு சேர்ந்து நின்றுபோவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கோ, மேளம் இல்லாவிட்டாலும் அந்த நாலு பேர் வருவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அம்மா உள்ளே காத்திருந்தாள். அவர் வெளியே காத்திருந்தார். நடுவில் ஒரு பள்ளிக்கூடச் சுவர்தான் இருந்தது.

மறு வாரமே அக்காவும் அத்தானும் சிங்கம்புணரி போனார்கள். மாமா இலை போட்டுச் சாப்பாடு போட்டார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. புறப்படும்போது மட்டும், "தங்கச்சி எட்டிப் பாத்திருந்தாப் போதும் மாப்பிள்ளை" என்றாராம். அதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாசல் வரைக்கும் வந்தவுகளுக்கு, தங்கச்சி இருக்கிற இடத்துக்குள்ள வர வெத்தலை பாக்கு பத்தாதாக்கும்" என்றாள். இருவர் பேச்சிலும் தப்பு இல்லை. அதனால்தான் அது தீரவே இல்லை. அடுத்த மழைக்கு மாமாவின் மாடுகள் வந்தன, ஓட்டிக்கொண்டு கூலியாள் வந்தான். அம்மா அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அண்ணன் எப்படி இருக்காக என்று கேட்பாள். நல்லா இருக்காக என்பான். வருடக்கணக்கில் அந்த அண்ணன் தங்கைக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் அம்மா காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. அன்று மத்தியானம் யாரோ வந்து, பிறந்த வீட்டுக் கோடி வந்து முக்கில் நிற்கிறது என்றார்கள். சாவு வீட்டிலும் எங்களுக்கு அதே முறைதான். கோடிச் சேலையோடு வருகிற அண்ணனை எதிர்கொண்டு அழைக்க வேண்டும். மேளக்காரர்கள் எழுந்திருப்பதற்குள் நான் ஓடிவிட்டேன். சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாமா நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார். "வாங்க மாமா" என்றேன். வீட்டில் நாற்காலி போட்டோம். அவர் அதைப் பார்க்காமல் அம்மாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். "வந்துட்டேன் ஆத்தா. ஒம் மகன் வந்து கூப்பிட்டான்" என்றார்.

வயலை விற்காததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அந்த வயல்தான் அக்கா மகளைப் படிக்க வைத்தது. அப்படியொரு கல்யாணம் செய்ததற்கும் வருத்தமில்லை. யாராவது ஒருவர் எழுந்து முக்கு வரைக்கும் நடந்திருக்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அந்த அக்கா மகளின் கல்யாணம் காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாமாவும் அதற்குள் இறந்துபோயிருந்தார். தாய்மாமன் நான்தான். தட்டும் கையுமாக இறங்கினால் வாசலில் யாரையும் காணோம். இந்த முறையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கால் நகரவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். "யாரு வந்து கூப்பிடணும்னு நிக்கிறே" என்று வழக்கம்போலக் கேலியாகத் தொடங்கியவள், பாதியில் குரல் இறங்கி, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் பச்சைக்கரைத் துண்டு விரித்திருந்தது. எனக்குத்தான் என்று நினைத்து உட்காரப் போனேன்.

"அதுல உக்காராதடா, நீ இங்குட்டு வா" என்றாள் அக்கா.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தாலி கட்டி முடிகிற வரை அதில் யாரையும் அவள் உட்கார விடவில்லை.